படியெடுத்தவற்றைக் காக்கும் பலகை

தோற்றுவாய்

சென்னைத் துறைமுகத்தில் கப்பலினின்று இறக்கப்படும் சரக்கு நேரே வணிகரின் கடைக்குச் சென்றுவிடுவதில்லை. துறைமுகக் கிட்டங்கியில் சில நாள் தங்கி, சுங்க நடைமுறைகள் முடிந்த பின்னரே லாரி ஏறும். இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பிறந்து வளர்ந்த நம் மாணவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே புகுந்து கல்லூரிக்கு வந்து சேர்பவர்கள் அவர்கள்.

கணினியிலும் இத்தகைய கிட்டங்கி ஒன்றுண்டு. ஓரிடத்திலிருந்து படியெடுத்த எழுத்தும் படமும் வேறோரிடத்தில் இடப்படும் வரை தங்கியிருக்கும் அவ்விடத்தைக் கிளிப்போர்டு என வழங்குவர். தேர்வுக் கூடத்திற்கு மாணவர் எடுத்துச் செல்லும் பிடிப்புள்ள பரீட்சை அட்டையே அப்பெயருக்கு மூலம். பல்லாண்டுக் காலம் அக்கிட்டங்கியில் ஒரே ஒரு மூட்டைக்குத்தான் இடமிருந்தது. இரண்டாம் மூட்டை வந்ததும் முதல் மூட்டை கடலில் எறியப்பட்டதற்கு ஒப்பாகும். இன்று அந்நிலை மாறிவிட்டது. படியெடுத்தவை அனைத்தையும் வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளும் 'கிளிப்போர்டு வரலாறு' என்னும் வசதி பெரும்பாலான கணினிகளில் வந்துவிட்டது. ஆயினும், நம் மாணவருள் அதனை அறிந்தோர் சிலரே என்பதை வகுப்பறையில் கேட்டறிந்தோம். அதனைப் பயன்கொள்ளும் முறையையும், அஞ்ச வேண்டிய இடத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் இழப்பு

தமிழ்த் துறையைச் சார்ந்த யான் கணினியைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவி ஒருவர், வடசென்னைக் கடற்கரையின் வழக்குச் சொற்களை ஆய்வேட்டிற்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். எண்ணூரை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். அவருடைய தாத்தா கட்டுமரம் ஏறித் தொழில் செய்து ஓய்ந்தவர். திண்ணையில் அமர்ந்து வலையின் கிழிசலை முடிந்துகொண்டே பேத்திக்குச் சொற்களைச் சொல்லி வந்தார். காற்றுக்குரிய பெயர்கள், வலையின் உறுப்புகள், மரங்களைப் பிணைக்கும் கட்டு வகைகள், மேகத்தின் நிறம் கண்டு மழையைக் கணிக்கும் தொடர்கள் எனப் பட்டியல் வளர்ந்தது. கடல்நீரின் ஓட்டத்தை வன்னி என்றும் தெண்டி என்றும் பகுத்துரைக்கும் வழக்கை யானே அம்மாணவியின் வாயிலாகத்தான் முதன்முதல் அறிந்துகொண்டேன். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆய்வு செய்யும் நமக்கு இவை கிட்டுவதில்லை.

தமையனுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினியில் மாணவி அச்சொற்களை நேரே தட்டச்சு செய்து வந்தார், தாளில் எழுதிக்கொள்ளவில்லை. எழுதச் சொல்லாதது என் பிழை. ஆய்வேடு முடியுமுன் பெரியவர் காலமானார்.

அதன் பின் மூன்று மாதங்கள் கழித்து, சொற்பட்டியலை ஆய்வேட்டின் இயலுக்குள் கொண்டுவர முற்பட்டார் மாணவி. பட்டியல் முழுவதையும் தெரிவு செய்து, 'கட்' என்னும் கட்டளையால் எடுத்துக்கொண்டு, வெறுமையான அக்கோப்பினைச் சேமித்து மூடினார். இயலைத் திறப்பதற்குள் தோழி ஒருத்தி யாரோ ஒருவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டாள். இவர் அவ்வெண்ணைப் படியெடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, இயலுக்குத் திரும்பி ஒட்டினார். திரையில் வந்து நின்றது பத்து இலக்கத் தொலைபேசி எண்.

கோப்பு மூடப்படாதிருந்தால் கண்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்தி, செய்ததை மீட்டிருக்கலாம். சேமித்து மூடிய பின் அந்த வழியும் அடைபட்டது. மறுநாள் துறைக்கு வந்தவர், "ஐயா, தாத்தா சொன்னது எல்லாம் போச்சு" என்றார். கணினிக் கூடத்தில் கேட்டோம். பயன் ஏதும் விளையவில்லை. அவருடைய கணினியில் இருந்த விண்டோஸ் 7 பதிப்பில் கிளிப்போர்டு வரலாறு என்னும் வசதியே இல்லை.

ஒரே மூட்டைக்கு இடம் வைத்தது ஏன்?

வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்னும் மூன்று செயல்களையும் இன்று நாம் அறிந்துள்ள வடிவில் கணினிக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் லாரி டெஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞர். 1945இல் பிறந்த அவர், 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றினார். (நம்மூரில் நகல் கடைக்கே பெயராகிவிட்ட அதே ஜெராக்ஸ்தான்.) டிம் மாட் என்பாருடன் இணைந்து, ஜின் என்னும் பாடநூல் வெளியீட்டகத்துக்காக ஜிப்சி என்ற எழுத்துச் செயலியை அவர் உருவாக்கினார். அவ்வெளியீட்டகத்தின் பதிப்பாசிரியர்கள் கைப்படியைக் கத்தரித்துப் பசையிட்டு ஒட்டி வரிசை மாற்றியதைக் கண்டு, அதே செயலைத் திரையில் நிகழ்த்திக் காட்டினார். இத்தகைய கல்லூரி மலர்களும் ஒரு காலத்தில் கத்தரியாலும் பசையாலும் ஒட்டித்தான் பக்கமாயின என்பதை மூத்த பேராசிரியர்கள் அறிவர். டெஸ்லர் பின்னர் ஆப்பிள் நிறுவனத்திற்குச் சென்றார். 1983இல் வெளிவந்த லிசா, 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் ஆகிய கணினிகளின் வழியே கிளிப்போர்டு உலகெங்கும் பரவியது. அவர் 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார்.

கணினியின் நினைவகம் மிகச் சிறிதாக இருந்த காலம் அது. ஒன்றை எடுத்து ஒன்றை வைக்க ஓரிடம் போதும் எனக் கருதப்பட்டது. நினைவகம் பல்லாயிரம் மடங்கு பெருகிய பின்னரும் வழக்கம் மாறாமல் நின்றது. 'ஈமாக்ஸ்' போன்ற செயலிகள், நீக்கிய பகுதிகளை வளையம்போல் அடுக்கி வைக்கும் முறையை முன்பே கொண்டிருந்தன. ஆனால் அவை கணிப்பொறியாளர் கையிலேயே தங்கிவிட்டன. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000 தன் செயலிகளுக்குள் பன்னிரண்டு படிகளை வைத்துக்கொள்ள இடம் தந்தது; அடுத்து வந்த பதிப்பில் அவ்வெண்ணிக்கை இருபத்து நான்காயிற்று. முழுக் கணினிக்கும் உரிய வரலாறு, 2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10இன் புதுப்பிப்பில்தான் வந்து சேர்ந்தது. மெக்கின்டாஷ் வழியினர் 2025 வரை காத்திருந்தனர்.

திறக்கும் முறை

விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளிலும் விண்டோஸ் 11இலும் இவ்வசதி உள்ளது. ஆயினும் இயல்பாக அது மூடியே இருக்கும். விசைப்பலகையின் கீழ் வரிசையிலுள்ள விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு வி விசையை அழுத்தினால் சிறு பலகம் ஒன்று தோன்றும். முதன்முறையாயின் அதிலேயே 'இயக்கு' என்னும் பொருளுடைய பொத்தான் காணப்படும். அதனைச் சொடுக்குதல் வேண்டும். அமைப்புகள் பகுதியில் சிஸ்டம் என்பதன் கீழுள்ள கிளிப்போர்டு பக்கத்திற்குச் சென்றும் இயக்கலாம். இயக்குவதற்கு முன் படியெடுத்தவை வாரா. ஆகவே இழந்த பின் திறந்து பார்ப்பதில் பயனில்லை. முன்னரே திறந்து வைத்தல் இன்றியமையாதது.

அதன் பின் வழக்கம்போல் படியெடுத்து வரலாம். விண்டோஸ் விசையுடன் வி விசையை அழுத்தும்போதெல்லாம் இறுதியாக எடுத்தது மேலும், முன்னர் எடுத்தவை கீழுமாக வரிசை தோன்றும். வேண்டியதைச் சொடுக்கினால் எழுதுகோல் நிற்கும் இடத்தில் அது அமரும். இருபத்தைந்து படிகளே அதில் கொள்ளும். இருபத்தாறாவது வந்தால் மிகப் பழையது நீங்கும். ஒரு படியின் அளவு நான்கு மெகாபைட்டைத் தாண்டுதல் கூடாது. எழுத்தும் படமும் மட்டுமே சேரும். கோப்புகளையோ கோப்புறைகளையோ படியெடுத்தால் அவை வரிசையில் இடம்பெறா. கணினியை நிறுத்தித் தொடங்கினால் வரிசை முழுவதும் அழிந்துவிடும். அனல்மின் நிலையத்தின் அருகிலேயே வாழ்கின்ற அத்திப்பட்டு மக்களுக்கும் மின்தடை புதிதன்று. மேசைக் கணினியில் பணியாற்றுவோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். அழியாமல் நிற்க வேண்டியவற்றின் அருகிலுள்ள குண்டூசிக் குறியைச் சொடுக்கி வைத்தால், கணினி மீண்டும் தொடங்கிய பின்னும் அவை நிலைத்திருக்கும்.

இவ்வெல்லைகள் போதா என்பார்க்கு 'டிட்டோ', 'காப்பிக்யூ' என்னும் கட்டணமில்லாச் செயலிகள் உள்ளன. அவை படிகளை வன்தட்டில் எழுதி வைப்பதால் நூற்றுக்கணக்கானவற்றைச் சேர்க்கலாம், தேடியும் எடுக்கலாம். கைப்பேசியில் கூகுளின் விசைப்பலகையிலும் இத்தகைய பலகை உண்டு. ஆனால் ஊசி குத்தாதவை ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும்.

பசுவின் வழி

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரைப் பல பொருள்களுக்கு ஒப்பிடுகிறார். முதல் நிலையில் அன்னத்தோடு பசுவும் வைக்கப்பட்டுள்ளது. புல் நிறைந்த இடத்தைக் கண்டால் பசு வயிறு நிறைய மேய்ந்துகொண்டு, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து சிறிது சிறிதாக வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும். கிளிப்போர்டு வரலாற்றைப் பயன்கொள்ள இதனினும் சிறந்த உவமை எமக்குக் கிடைக்கவில்லை. ஒன்றை எடுத்து, சாளரம் மாறி, ஒட்டி, மீண்டும் சாளரம் மாறி அடுத்ததை எடுக்கும் அலைச்சல் இங்கில்லை. முதலில் மேய்ச்சல், பின்பே அசைபோடல்.

சான்றுக்கு, இராயபுரம் இரயில் நிலையத்தைப் பற்றி மாணவர் ஒருவர் கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். இந்தியாவில் பயணிகள் இரயில் 1853இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே முதன்முதல் ஓடியது என்பது ஒரு குறிப்பு. தென்னகத்தின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதியிலுள்ள வாலாஜா சாலை வரை பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது என்பது மற்றொன்று. அவ்வழியை அமைத்தது மெட்ராஸ் ரயில்வே என்னும் கம்பெனி. சென்ட்ரல் நிலையம் 1873இல் எழுந்த பிறகு இராயபுரத்தின் முதன்மை மங்கியது. தூண்கள் தாங்கும் அதன் பழைய முகப்பு இன்றும் நிற்கிறது. இவை ஐந்து குறிப்புகள். ஐந்து வேறு பக்கங்களில் சிதறிக் கிடப்பவை. அனைத்தையும் ஒரே மூச்சில் படியெடுத்து வந்து, கட்டுரையின் முன் அமர்ந்து, எது முன் எது பின் என எண்ணி இடலாம். 1873ஐ முன்னே வைத்துத் தொடங்கினால் இழப்பின் கதையாகும். 1856ஐ முன்னே வைத்தால் தொடக்கத்தின் கதையாகும். அத்தேர்வினைச் செய்ய மனத்திற்கு ஓய்வு கிடைக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரு படி எந்த நூலிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பலகம் காட்டுவதில்லை. மேய்ந்த புல் எவர் கொல்லையில் முளைத்தது என்பது பசுவுக்குத் தெரியாது. ஆய்வாளனுக்குத் தெரிந்தாக வேண்டும். எனவே குறிப்பினைப் படியெடுக்குந்தோறும் நூற்பெயர், பக்க எண், முகவரி ஆகியவற்றையும் அடுத்த படியாக எடுத்துக்கொள்ளுதல் நலம். எடுத்ததற்கும் எடுத்தாண்டதற்கும் உள்ள வேறுபாடு அச்சிறு படியில்தான் அடங்கியுள்ளது. ஒரே எழுத்துப்பிழையைப் பத்து ஒப்படைவுகளில் கண்டு சிரிப்பதா சினப்பதா என விளங்காது யான் அமர்ந்திருந்த மாலைப்பொழுதுகள் பல.

தமிழ் எழுத்தின் இடர்ப்பாடு

ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இல்லாத சிக்கலொன்று நமக்குண்டு. கிளிப்போர்டு ஒரு பகுதியை ஏற்கும்போது அதனைப் பல வடிவங்களில் ஏற்றுக்கொள்கிறது: எழுத்துருவும் நிறமும் அளவும் கூடிய வடிவம் ஒன்று, வெறும் எழுத்துக் குறியீடு மட்டும் உள்ள வடிவம் மற்றொன்று. ஒட்டும் இடம் தனக்கு ஏற்றதைப் பெற்றுக்கொள்கிறது. 1990களில் தமிழ் தட்டச்சு செய்ய எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்னும் நிலை இருந்தது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தை ஏற்றி வைத்திருந்தனர். அவ்வகையில் அமைந்த பழைய கட்டுரையைப் படியெடுத்து வெற்றெழுத்தாக ஒட்டினால் தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாய் நிற்கும். கிளிப்போர்டு வரலாற்றின் பலகத்திலும் அவ்வாறே தோன்றுவதால், இருபத்தைந்து படிகளுள் எது எதுவென அடையாளம் காண்பதே அரிதாகிவிடும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு வழிகோலியது. அதன் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் ஆகிய குறியீட்டு முறைகளும் அவ்வாண்டில் ஏற்பு பெற்றன. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தும், அது நம் கணினிகளில் பரவலாக வேரூன்ற மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் அமைந்த தமிழ், எந்தப் பலகத்திலும் தமிழாகவே தெரியும். ஆதலின் பழைய கோப்புகளிலிருந்து மேற்கோள் எடுப்போர், எழுத்துரு மாற்றியின் துணையால் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டு பிறகு படியெடுப்பதே தக்கது. நம் துறையின் பழைய மலர்கள் சில இன்றும் குறுந்தட்டுகளில் பழைய குறியீட்டில் உறங்குகின்றன. அவற்றை மாற்றும் பணி எவர் கையிலும் இல்லை என்பதை ஈண்டுக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

நெய்யரியின் வழி

நன்னூலார் கடைநிலையில் வைத்த உவமைகளுள் நெய்யரியும் ஒன்று. நெய்யைக் கீழே ஒழுகவிட்டு, அழுக்கை மட்டும் தன்பால் தேக்கிக்கொள்வது அது. கிளிப்போர்டு வரலாறு நினைவின்றிப் பயன்படுத்துவார் கையில் இத்தன்மையையே அடைகிறது. ஊசி குத்த மறந்த நல்ல குறிப்புகள் மின்தடையில் போய்விடுகின்றன. போக வேண்டியவையோ அடுத்தவர் பார்க்கும்படி தங்கிவிடுகின்றன.

நம் பகுதியில் தமக்கெனக் கணினி இல்லாதார் மிகுதி. சரக்குப் பெட்டக நிலையங்களில் ஒப்பந்தத் தொழில் செய்வோரும், கப்பற்பணிக்கு விண்ணப்பிக்கும் இளைஞரும், ஓய்வூதியம் நாடும் முதியோரும் நகல் கடைகளையும் இணைய மையங்களையுமே அண்டி நிற்கின்றனர். ஆதார் எண், வங்கிக் கணக்கெண், கடவுச்சொல் ஆகியவை அங்குள்ள கணினியில் படியெடுக்கப்பட்டு ஒட்டப்படுகின்றன. வரலாறு திறந்திருந்தால், அடுத்து அமர்பவர் இரு விசைகளை அழுத்தி அவை அனைத்தையும் காணலாம். சில கடவுச்சொல் காப்புச் செயலிகள், தம்மிடமிருந்து எடுத்தது வரலாற்றில் சேராதிருக்கக் குறியிட்டு அனுப்புகின்றன. நாம் கையால் படியெடுக்கும் எண்ணுக்கு அத்தகைய காப்பு ஏதுமில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கின் வழியே பல கருவிகளுக்கிடையே படிகளைப் பகிரும் வசதியும் உண்டு. பொதுக் கணினியில் அதனை இயக்குதல் அறவே தகாது.

பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என வழங்குவது நம் வீடுகளில் உள்ள வழக்கு. அண்டை வீட்டு மூதாட்டிக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் மாணவன் கையில் அவருடைய எண்கள் அவ்வகையினவே. எழுந்திருக்குமுன் விண்டோஸ் விசையும் வி விசையும் அழுத்தி, 'அனைத்தையும் அழி' என்பதைச் சொடுக்குதல் கடமை. ஊசி குத்தியவை அதனால் அழியா. அவற்றைத் தனித்தனியே நீக்குதல் வேண்டும். இயன்றால் பொதுக் கணினியில் இவ்வசதியை நிறுத்தியே வைத்திருக்கலாம். கல்லூரிக் கணினிக் கூடத்தில் ஒருநாள் யான் பலகத்தைத் திறந்து பார்த்தபோது முன்னர் அமர்ந்தவரின் வங்கிக் கணக்கெண் முதல் வரியிலேயே நின்றது. அதனை அழித்துவிட்டே பணியைத் தொடங்கினேன்.

மாணவியின் பட்டியல்

சொற்களை இழந்த மாணவி ஆய்வேட்டைக் கைவிடவில்லை. நினைவில் இருந்தவற்றை முதலில் எழுதினார். பாதி கூடத் தேறவில்லை. பின்னர்த் தாத்தாவுடன் தொழில் செய்த முதியவர்களைத் தேடிக் காசிமேட்டிலும் குப்பங்களிலும் அலைந்தார். இம்முறை கையில் குறிப்பேடும் இருந்தது. கணினியில் ஏற்றும்போது நண்பர் ஒருவர் நிறுவித்தந்த டிட்டோ செயலி ஒவ்வொரு படியையும் வன்தட்டில் சேர்த்து வைத்தது. 'கட்' கட்டளையை அவர் அதன் பின் பயன்படுத்தவே இல்லை. படியெடுத்து ஒட்டி, ஒட்டியது சேமிக்கப்பட்டதைக் கண்ணால் கண்ட பின்னரே பழையதை நீக்கினார்.

எவரும் எதிர்பாராத உதவி வீட்டுக்குள்ளிருந்தே கிட்டியது. கூடையில் மீன் சுமந்து விற்று வந்த அவருடைய ஆயாவைக் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவர்க்குமே முன்னர்த் தோன்றவில்லை. "இதெல்லாம் எழுதி வெச்சி இன்னா பண்ணப் போற கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே அவர் சொல்லத் தொடங்கினார். ஏலம் கேட்கும் முறை, மீனைக் கூறு கட்டும் வகை, பனிக்கட்டியில் வைத்த மீனுக்கும் அன்று வந்த மீனுக்கும் உள்ள பெயர் வேறுபாடு ஆகியவை பற்றிய அச்சொற்கள், கடலுக்குச் சென்ற தாத்தாவின் பட்டியலில் ஒருபோதும் இருந்தவை அல்ல. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுவதும் ஆயாவின் சொற்களால் நிரம்பியது. தாத்தாவின் பட்டியலில் மீளாத சொற்களுக்காக இரண்டாம் இயலின் இறுதியில் அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார் மாணவி. அதனை நிரப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.